மலருக்கு ஆள் எடுக்கிறோம்

அன்பு மாணவர்களே, பெற்றோரே,

சாரல் ஆரம்பித்துவிட்டது. குற்றாலத்துக்குப் போகிற கூட்டத்தில் இலஞ்சி வழி பஸ்களில் நிற்கவே இடமில்லை. பள்ளி மலரைப் பற்றிப் பேச இதுதான் சரியான நேரம். ஜனவரியில் பேசினால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். பொதுத்தேர்வு பயம் வந்துவிடும், வேலை முழுக்கத் தமிழாசிரியர் தலையில் விழும், மழைநீர் சேகரிப்பைப் பற்றி அரை டஜன் கட்டுரை வந்து சேரும். கட்டுரைக்கு மேலே பிள்ளைகள் பெயர் இருக்கும். உள்ளே பெரியவர்கள் குரல்தான் கேட்கும்.

ஆகவே இந்த ஆண்டு மலரை மாணவர் குழுவே நடத்தட்டும். முதல் மதிப்பெண் எடுப்பவர்களை மட்டும் கூப்பிடுவதாக இல்லை. நன்றாக எழுதுகிறவர்கள் நாலைந்து பேர் போதும். வெட்கப்படாமல் கேள்வி கேட்கிறவர்கள்தான் நிறைய வேண்டும். சீசனில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் விற்கிற ஆச்சியிடம் போய் “வியாபாரம் எப்படி ஆச்சி?” என்றால், “ஏதோ போகுது” என்று முடித்துவிடுவார். “அருவியில வெள்ளம் வந்து குளிக்கக் கூடாதுன்னு தடுத்துட்டா, அன்னைக்கு வாங்கின பழத்தை என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டுப் பாருங்கள். ஒரு பக்கத்துக்கு விஷயம் கிடைக்கும். நம் இலஞ்சிக் குமாரர் கோயிலுக்கு அருணகிரிநாதர் திருப்புகழ் பாடியிருக்கிறார். அதைத் தலவரலாற்றிலிருந்து நகலெடுத்துத் தர வேண்டாம். அந்தத் திருப்புகழை உங்கள் தெருவில் யார் ராகத்தோடு பாடுகிறார், யாரிடம் கற்றார் என்று விசாரித்து வாருங்கள்.

கணக்குப் பிடித்தவர்களுக்கும் வேலை உண்டு. நடுவில் பின் அடிக்கிற புத்தகத்துக்கு ஒரு தாள் மடித்தால் 4 பக்கம். அதனால் பக்க எண்ணிக்கை நாலின் மடங்காகத்தான் வர முடியும். 48 பக்கத்துக்கு 12 தாள். கடைசி நிமிடத்தில் “ஒரே ஒரு கவிதை சார்” என்று வந்து நின்றால், ஒன்று இன்னொருவர் கவிதை வெளியே போக வேண்டும், இல்லை மூன்று பக்கம் சும்மா கிடக்க வேண்டும். இந்தச் சண்டையைத் தீர்க்க ஒரு கண்டிப்பான பிள்ளை தேவை. (அநேகமாக ஒன்பதாம் வகுப்பில் ஒருத்தி இருக்கிறாள்.)

பிழை திருத்தம்தான் பெரிய பாடு. செல்போனில் தட்டிய தமிழை அச்சகத்துப் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் போய்விடும். மூலத்தை ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் புரூப்பில் விரல் வைத்துப் பார்ப்பதுதான் இன்றைக்கும் நல்ல வழி. தன் கட்டுரையைத் தானே திருத்தக் கூடாது. கண் தப்பை விட்டுவிட்டு மனசில் உள்ளதைப் படிக்கும்.

அச்சுக்குப் பணம் சேருமா என்று கவலைப்படுகிறவர்களுக்கு ஒன்று. பக்கத்தில் இடைகாலில் வாழ்ந்து எழுதிய கவிஞர் கலாப்ரியா, வண்ணநிலவன் நடத்திய ‘பொருநை’ என்ற கையெழுத்துப் பத்திரிகையில் எழுதத் தொடங்கியவர். பின்னாளில் குற்றாலத்திலேயே கவிதைப் பட்டறைகள் நடத்தினார். பணம் வராவிட்டால் நாமும் ஒரே ஒரு பிரதி கையால் எழுதி, நூலகத்தில் வைப்போம். படம் வரைகிறவர்களுக்கு அதில் இன்னும் கொண்டாட்டம். மலரில் இடம் கிடைக்காத நல்ல படைப்புகளை, 6 முதல் 9 வரை படிப்பவர்களுக்காகப் பள்ளிக் கல்வித் துறை நடத்தும் ‘தேன்சிட்டு’ இதழுக்கு அனுப்பிப் பார்க்கலாம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: தயவுசெய்து நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். எங்களுக்குக் கண்டுபிடிக்கத் தெரியும்.

குழுவில் சேர விரும்புகிறவர்கள் பெயர், வகுப்பு, பிரிவு எழுதி நூலக வாசலில் இருக்கும் பெட்டியில் போடுங்கள். கூடவே, நம் ஊரில் நீங்கள் யாரைப் பேட்டி காண ஆசைப்படுகிறீர்கள், முதலில் என்ன கேட்பீர்கள் என்று இரண்டு வரி. தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்