கொலையாளி யாரென்று தெரிந்த பிறகு

துப்பறியும் கதையை இலக்கியத்தின் வாசற்படியிலேயே நிறுத்தி வைப்பது நம் சிற்றிதழ்ச் சூழலின் நெடுநாள் வழக்கம். கொலையாளி யாரென்று தெரிந்துவிட்டால் புத்தகத்தில் எஞ்சுவது என்ன என்பதே இவ்வழக்கத்தைக் காப்போர் கையிலுள்ள ஒரே ஆயுதம். அதுவும் இரவல் ஆயுதம். ரோஜர் அக்ராய்டைக் கொன்றவர் யாராயிருந்தால் யாருக்கென்ன என்று 1945-இலேயே எட்மண்ட் வில்சன் 'நியூயார்க்கர்' இதழில் தலைப்பிட்டு எழுதிவிட்டார்.

நாம் ஒரு நாவலைச் சாட்சிக்கு அழைக்கிறோம். அகதா கிறிஸ்டி 1962-இல் எழுதிய 'தி மிரர் கிராக்ட் ஃப்ரம் சைட் டு சைட்'. முடிவைச் சொல்லாமல் இதைப் பற்றி வாதிட இயலாது, சொல்லப் போகிறோம். சொன்ன பிறகும் நாவல் நிற்கிறது என்பதுதானே நம் கட்சி.

செயின்ட் மேரி மீட் என்னும் ஆங்கிலேயக் கிராமத்துப் பெரிய வீடொன்றை மரீனா கிரெக் என்ற புகழ்பெற்ற திரைநடிகை வாங்குகிறாள். அங்கு நடக்கும் விழாவில் ஹெதர் பேட்காக் என்ற உள்ளூர்ப் பெண், நடிகை தனக்கென வைத்திருந்த மதுவை அருந்தி இறக்கிறாள். உடனே எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றே: நடிகையைக் கொல்ல முயன்றவர் யார்? காவல்துறை கேட்கிறது, திரையுலகம் கேட்கிறது, முதல் வாசிப்பில் நாமும் கேட்கிறோம். செத்தவளை எவரும் பார்ப்பதில்லை. நட்சத்திரம் நிற்கும் இடத்தில் சாதாரணப் பெண்ணொருத்தி தன் பொருட்டே கொல்லப்படக்கூடும் என்ற எண்ணமே எவர்க்கும் தோன்றுவதில்லை. இந்த நாவலின் புதிர் நஞ்சில் இல்லை, நம் பார்வையின் இந்தச் சாய்வில் இருக்கிறது. கொலையாளி ஒளிந்திருப்பதும் அங்கேதான்.

ஹெதரைப் பற்றி யோசிப்பவள் மிஸ் மார்ப்பிள் ஒருத்திதான். விழாவுக்குச் செல்லாத கிழவி, தொழில்முறைத் துப்பறிவாளரும் அல்லள். கிழவியொருத்தி காவல்துறையை மிஞ்சுவதாவது என்று நகைப்போர் உண்டு. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கிராமத்து மனிதர்கள். தான் செய்வது பிறரை என்ன செய்யும் என்று ஒருபோதும் எண்ணிப் பாராத நல்லவர்களை அவள் முன்பே கண்டிருக்கிறாள்; ஹெதரும் அவ்வகை. பல ஆண்டுகளுக்கு முன் ஜெர்மன் தட்டம்மையோடு படுத்திருந்தவள், தடிப்புகளை ஒப்பனையால் மறைத்துக்கொண்டு மரீனாவைக் காணச் சென்று கையொப்பம் பெற்றாள். அப்போது மரீனா கருவுற்றிருந்தாள். குழந்தை மூளைக் குறைபாட்டுடன் பிறந்தது. இத்தனையும் அறியாமல் அந்தச் சாகசத்தை மரீனாவிடமே பெருமையாகச் சொல்கிறாள் ஹெதர். மாடிப்படியருகே மாதாவும் சேயும் உள்ள ஓவியத்தை வெறித்தபடி மரீனா உறைந்து நிற்கிறாள்.

இனி வில்சன் கட்சியாரைக் கேட்கிறோம்: குற்றவாளி யார்? நஞ்சிட்டவள் மரீனா, அதில் ஐயமில்லை. ஆனால் அன்பின் பெயரால் ஒரு வாழ்வைக் குலைத்துவிட்டு, அதையே கதையாகச் சொல்லி மகிழும் ரசிகையை எந்தச் சட்டத்தில் நிறுத்துவது? முடிவு தெரிந்து மறுபடி படிக்கையில்தான் ஹெதரின் ஒவ்வொரு கனிவான சொல்லும் நடுக்கம் தருகிறது. நடிகை ஜீன் டியர்னிக்கு 1943-இல் இதே நோயால் நேர்ந்த துயரத்தோடு இக்கதையை இணைத்துப் பேசுவர். அம்மைக்கும் கருக்குறைபாட்டுக்கும் உள்ள தொடர்பை 1941-இல் உணர்த்திய ஆஸ்திரேலியக் கண்மருத்துவரின் பெயரும் நார்மன் கிரெக்!

நாவலில் குறையில்லை என்று நாம் சொல்லவில்லை. ஹெதரின் கணவனே மரீனாவின் முதற்கணவன் என்பது அபத்தமான தற்செயல். பிற்பகுதிக் கொலைகள் பக்கம் நிரப்பவே உதவுகின்றன.

இதே கதையை ரிதுபர்ணோ கோஷ் 2003-இல் 'சுபோ மஹரத்' என்று வங்காளத்தில் எடுத்தார். ஷர்மிளா தாகூர் நடிகையாகவும் ராக்கி துப்பறியும் அத்தையாகவும் வந்தனர். ராக்கிக்குச் சிறந்த துணைநடிகைக்கான தேசிய விருதும் கிடைத்தது. அதைக் கலைப்படமென்று தயக்கமின்றி ஏற்ற நம் நண்பர்கள், மூலநூலை மட்டும் ரயில் நிலையக் கடைச் சரக்கென்று ஒதுக்குவது எந்த அளவுகோலால்?