செத்துப்போன 'கிளாஸ்' இன்னும் பாடமா?

ஐபி முகவரிகளை கிளாஸ் ஏ, பி, சி எனப் பிரிக்கும் முறை 1981இல் வந்தது. முகவரியின் முதல் எண்ணே நெட்வொர்க்கின் அளவைத் தீர்மானித்தது. சி என்றால் 256 முகவரிகள், பி என்றால் 65,536. இடையில் எதுவும் கிடையாது. 300 கணினிகளுக்கு சி போதாது. பி கொடுத்தால் 65,000க்கும் மேல் வீண். அதனால்தான் 1993இல் சிஐடிஆர் முறை வந்தது. அதில் ஸ்லாஷுக்குப் பின்வரும் எண்தான் அளவு. 300 கணினிகளுக்கு /23 போதும், 512 முகவரிகள்.

முப்பது ஆண்டுகள் தாண்டியும் பாடநூல்களும் கையேடுகளும் 'கிளாஸ்' பாடுகின்றன. "பழகிய சொல்தானே, யாருக்கு நட்டம்?" என்கிறார்கள். 10.1.1.0/24 என்பதைப் பாருங்கள். முதல் எண் 10. பழைய பாடப்படி அது கிளாஸ் ஏ, சுமார் 1.67 கோடி முகவரிகள். உண்மையில் அதில் இருப்பவை 256தான். பழைய சொல் பொய் சொல்கிறது.

வீட்டிலேயே ஒரு பொறியாளர் இருக்கும் மாணவர் கேட்டுத் திருத்திக்கொள்வார். புத்தகத்தை மட்டுமே நம்பி வரும் முதல் தலைமுறை மாணவர் நேர்முகத் தேர்வில் திணறுவார். உடனே 'தகுதி இல்லை' என்று அவர் மீதே பழி. காலாவதியான பாடத்தைக் கொடுத்தவர்களின் தகுதியை யார் கேட்பது? நாம்தான் கேட்க வேண்டும்.

'கிளாஸ்' வரலாற்றுப் பத்தியில் இருக்கட்டும். அளவைச் சொல்லுமிடத்தில் 'கிளாஸ் சி'யை அடித்துவிட்டு /24 என எழுதச் சொல்வோம். தோழர்களே, திறந்த மூல ஆவணங்களில் அதை நாமே திருத்தலாம். யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டாம். திருத்தத்தை இன்றே அனுப்புவோம்.