அத்தை காலி செய்துவிட்டுப் போன பிறகு

நம் தெருப் பெற்றோருக்கு,

நெய்வேலி டவுன்ஷிப்பில் வேலை முடிந்தால் குவார்ட்டர்ஸும் முடிந்தது. மூலைவீட்டு அத்தையின் கணவர் ஓய்வுபெற்றார், சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு ஊர்ப்பக்கம் போய்விட்டார்கள். அடுத்த வாரமே நம் வாட்ஸப் குழுவில் புலம்பல் ஆரம்பித்தது: “சாயங்காலம் பிள்ளைகளை எங்கே விடுறது?” புது இடம் அத்தைக்கு ஒத்துக்கொண்டதா, முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அவர் பெற்றது இரண்டு. மாவு ஆட்டியது ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு. நாலரை மணிக்குப் பள்ளிவிட்டு வரும் கூட்டம் புத்தகப் பைகளை அவர் வீட்டு வாசலில்தான் குவிக்கும். “மொதல்ல கை கால் கழுவிட்டு வாங்கடா” என்பார். தட்டில் தோசையும் மிளகாய்ப்பொடியும் வைத்த பிறகுதான் மற்ற விசாரணை எல்லாம். பசித்த பிள்ளையின் தலையில் பாடம் ஏறாது என்று 1956இல் காமராசர் பள்ளிகளில் மதிய உணவு போட்டார். 2022இல் அதே காரணத்துக்காகக் காலைச் சிற்றுண்டியும் வந்தது. சாயங்காலப் பசியை இந்த அம்மாள் தன் வீட்டு அரிசியில் ஆற்றினார். நம்மில் எத்தனை பேர் ஒரு கிலோ உளுந்தாவது வாங்கிக் கொடுத்திருக்கிறோம்?

நம் தெருப் பெண் ஒருத்தி வயசுக்கு வந்தது அவர் வீட்டில்தான். தாய்க்கு இரண்டாம் ஷிப்ட். பயந்து அழுத பிள்ளையை உள்ளே கூட்டிப்போய் நாப்கின் கொடுத்து, எப்படி வைப்பது என்று சொல்லித் தந்து, வெந்நீர் வைத்துக் குளிக்கச் சொல்லிவிட்டு, அப்புறம்தான் தாய்க்குப் போன் செய்தார். “நீங்க பதறாம வேலைய முடிச்சிட்டு வாங்க, நான் இருக்கேன்.” அந்தத் தாய் இன்றைக்கும் இதைச் சொல்லும்போது கண் கலங்குகிறார்.

அதே அத்தை, மதிப்பெண் அட்டையில் தானே கையெழுத்துப் போட்டுக்கொண்ட பையனைக் கண்டித்தபோது மட்டும், “என் பிள்ளையைத் திட்ட இவங்க யாரு?” என்று சண்டைக்குப் போனோம். சோறு போடலாம், திட்டக்கூடாதா? இது என்ன நியாயம்?

மனிதத் தாய் எந்தக் காலத்திலும் பிள்ளையைத் தனியாக வளர்த்ததில்லை, பாட்டியும் அக்காவும் அக்கம்பக்கமும் கைகொடுத்ததால்தான் நம் இனமே தழைத்தது என்று அமெரிக்க மானுடவியலாளர் சாரா ஹர்டி 2009இல் ஒரு புத்தகமே எழுதினார். நம் பாட்டிமார் இதைப் படிக்காமலே செய்தார்கள். நாம் கிரில் கேட்டைப் பூட்டி, பிள்ளை கையில் செல்போனைக் கொடுத்துவிட்டுப் போகிறோம். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 2017இல் சட்டத் திருத்தம் வந்தது உண்மைதான். ஆனால் அது கைக்குழந்தைகளையும் சிறுசுகளையும் மனதில் வைத்து வந்தது. ஏழாம் வகுப்புப் பிள்ளையின் நாலரை மணியிலிருந்து ஏழு மணி வரைக்கும் யார் பொறுப்பு?

“காலம் கெட்டுக் கிடக்கு, யார் வீட்டை நம்பி விடுறது?” என்கிறீர்கள். பயம் நியாயமானதுதான். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கப் போக்சோ சட்டத்தைச் சும்மா கொண்டுவரவில்லை. ஆனால் எதிர்வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாமல் இருந்தால் அந்தப் பயம் எப்படிக் குறையும்? போய் உட்காருங்கள், பழகுங்கள், கண்ணால் பாருங்கள். என்ன நடந்தாலும் வீட்டில் வந்து சொல்லும் தைரியத்தைப் பிள்ளைக்குக் கொடுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் மனப்பாடம் செய்யவையுங்கள்.

இன்னொரு அத்தை குடிவருவார் என்று காத்திருக்காதீர்கள். ஒருத்தர் தலையிலேயே எல்லாவற்றையும் கட்டியது போதும். ஷிப்ட் அட்டவணையைப் பார்த்து, வாரத்தில் எந்த நாள் உங்கள் வீட்டுக் கதவு திறந்திருக்கும் என்று குழுவில் போடுங்கள். அதற்கு முன்னால் அத்தைக்கு ஒரு போன் செய்து பிள்ளைகளைப் பேசவையுங்கள்.

செவ்வாய்க்கிழமை என் வீடு. மற்ற நாட்களை நீங்கள் சொல்லுங்கள்.