காய்ச்சல்தான் விட்டுடுச்சே, ஷிப்டுக்கு வா!

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. ஃப்ளூ காய்ச்சல் நிமோனியாவாகி, எட்டு நாள் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜனோடு கிடந்தவன். வீட்டுக்கு வந்த நாலாம் நாளே சூப்பர்வைசர் போன் செய்திருக்கிறார்: "காய்ச்சல்தான் விட்டுடுச்சே, நைட் ஷிப்டுக்கு ஆள் இல்ல, வா." போயிருக்கிறான். மூன்றே வாரத்தில் மறுபடி நெஞ்சில் தொற்று, மறுபடி ஆஸ்பத்திரி. "என் உடம்பு வாகே சரியில்ல சார்" என்று தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு மனசு கேட்கவில்லை.

நான் டாக்டர் இல்லை, உயிரியல் வாத்தியார். மண்ணீரல், நிணநீர் முடிச்சு, தைமஸ், எலும்பு மஜ்ஜை என்று உங்களுக்குப் படம் வரைந்து பாகம் குறிக்கச் சொன்னவன். கடுமையான வைரஸ் தொற்று நுரையீரலோடு நிற்பதில்லை, இந்த உறுப்புகளையும் அடிக்கிறது என்பதை அன்று நான் சொல்லித்தரவில்லை. எனக்கே கோவிட் வந்த பிறகுதான் புரிந்தது. கோவிட்டில் இறந்தவர்களின் உடலைப் பரிசோதித்தபோது, பலருக்கு மண்ணீரலிலும் நிணநீர் முடிச்சுகளிலும் லிம்போசைட்டுகள் வற்றிப்போயிருந்தன. நீடித்து நிற்கும் ஆன்டிபாடிக்காக பி செல்கள் பயிற்சி பெறும் இடத்தை முளைமையம் என்பார்கள். 2020-இல் வெளியான ஓர் ஆய்வில், அந்த முளைமையங்களே காணாமல் போயிருந்தது தெரிந்தது. வாத்தியார் பாஷையில் சொன்னால், மாணவர்களும் குறைவு, வகுப்பும் நடக்கவில்லை.

அழற்சி எல்லை மீறுவது ஒரு காரணம். நோயின் தாக்கத்தில் உடம்பு சுரக்கும் கார்டிசால் லிம்போசைட்டுகளைக் கொல்லும், தைமஸைச் சுருக்கும் என்பது இன்னொன்று. உயிர் காக்கக் கொடுக்கும் ஸ்டீராய்டும் எதிர்ப்பைக் கொஞ்சம் அமுக்கத்தான் செய்யும். 2021-இல் கறுப்புப் பூஞ்சை வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? கட்டுப்படாத சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்த இடத்தில்தான் அது அதிகம் புகுந்தது. தட்டம்மை இன்னும் மோசம், பழைய நோய்களுக்கு உடம்பு சேர்த்து வைத்த ஆன்டிபாடிகளையே அழித்துவிடும்.

சாதாரண ஜலதோஷத்துக்கு இதெல்லாம் இல்லை, பயப்படாதீர்கள். கடுமையாக வந்து பிழைத்தவர்களிலும் பெரும்பாலோருக்கு லிம்போசைட் எண்ணிக்கை திரும்ப ஏறிவிடும். ஆனால் அதற்கு நாள் பிடிக்கும். தெர்மாமீட்டர் 98.6 காட்டிய அன்றே மண்ணீரலும் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. என் மாணவனுக்கு இதுதான் காரணம் என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. அவன் தன் உடம்பைக் குறை சொல்ல வேண்டியதில்லை என்றுதான் சொல்கிறேன்.

2021 மே மாதம் நம் பகுதியில் நடந்ததை மறந்துவிட்டோமா? கோவிட் பாதுகாப்புக் கேட்டு ரெனோ-நிசான் தொழிலாளர்கள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார்கள். ஹூண்டாய் ஆலையில் தொழிலாளர்கள் உட்கார்ந்துவிட, ஆலை சில நாள் மூடப்பட்டது. அன்று கேட்டது தொற்று வராமல் இருக்க. வந்து போனவன் தேறுவதற்கான நாட்களைப் பற்றி இன்றும் யாரும் பேசுவதில்லை. ஒரே அறையில் எட்டுப் பேர் படுத்து, கம்பெனி பஸ்ஸில் நெருக்கியடித்துப் போகிற பையனுக்கு அடுத்த கிருமி எவ்வளவு தூரத்தில் இருக்கும்?

உங்களில் சிலர் இன்று அங்கே எச்.ஆர்., லைன் இன்சார்ஜ். உங்களிடம் உரிமையோடு கேட்கிறேன்: ஆக்சிஜன் வைத்துத் திரும்பியவனை டாக்டர் எழுதித் தராமல் கூப்பிடாதீர்கள். வந்தாலும் முதலில் பகல் ஷிப்ட் கொடுங்கள்.

தொழிலாளியாக இருக்கிற பிள்ளைகளே, சம்பளம் 21,000-க்குள் என்றால் உங்களுக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு, கான்ட்ராக்ட் ஆளுக்கும் உண்டு. உரிய ஆறு மாதத்தில் 78 நாள் சந்தா சேர்ந்திருந்தால், மருத்துவச் சான்றோடு வருஷத்துக்கு 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் கிடைக்கும். அவனுக்கு இது தெரியவே தெரியாது. பே ஸ்லிப்பில் மாதாமாதம் பிடித்திருக்கிறார்கள், பார்த்ததில்லை. "இம்யூனிட்டி பூஸ்டர்" பொடிக்கு மட்டும் 900 ரூபாய் கொடுத்திருக்கிறான்!

திங்கட்கிழமை அவனைக் கூட்டிக்கொண்டு ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகம் போகிறேன். வேறு யாருக்காவது விண்ணப்பம் எழுதத் தெரியாவிட்டால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், சேர்ந்தே போகலாம்.