ஒரு சுடரும் மூன்று பிள்ளைகளும்

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிக்கும் குடும்பங்கள் தமிழகத்தில் மிகச் சிலவே. அச்சிலவற்றுள் எங்களுடையதும் ஒன்று. பிள்ளைகள் மூவர், வயது 7, 11, 14. மொழிப்பாடம் எங்களை அலைக்கழிக்கவில்லை. ஒரே கதையை மூவரையும் அமர்த்திச் சொல்லலாம். அவரவர் கலத்தின் அளவுக்கு அவரவர் முகந்துகொள்வர். அறிவியலுக்கு வந்தபோதுதான் திகைத்தோம். மூவருக்கும் மூன்று பாடத்திட்டங்களா, ஒன்றே போதுமா?

கிடைப்பவை இருவகை. வகுப்புவாரியாக அடுக்கப்பட்டவை ஒருவகை. இவற்றை ஏற்றால் ஒருத்திக்கு மின்சாரம், ஒருவனுக்குச் செரிமானம், கடைக்குட்டிக்கு விதை முளைத்தல் என வீடே மூன்று வகுப்பறைகளாகும். பள்ளியின் நெரிசலை வீட்டுக்குள் கொணர்வதற்கு வீட்டுக்கல்வி எதற்கு? ஒரே பொருளை எல்லா வயதினரும் சேர்ந்து பயிலும் திட்டங்கள் மற்றொரு வகை. இவற்றில் கடைக்குட்டிக்காகக் குழைத்த சோற்றையே மூத்தவளும் உண்ண நேரும் என்ற அச்சம் உண்டு.

ஆயினும் இரண்டாம் வகைக்கே எமது வாக்கு. இதற்கு நல்ல முன்னோடிகள் உண்டு. மைக்கேல் ஃபாரடே 1860-61 குளிர்காலத்தில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இளையோருக்கு ஆற்றிய உரைத்தொடர் முழுவதற்கும் ஒரு மெழுகுவர்த்தியையே பொருளாகக் கொண்டார். சுடரில் தொடங்கி, நீர், காற்று, கரியமிலவாயு எனச் சென்று மனிதரின் மூச்சில் முடித்தார். ஒரு பொருளுக்கே வெவ்வேறு வயதில், வெவ்வேறு ஆழத்தில் மீண்டும் மீண்டும் திரும்புவதே நற்கல்வி என்பதை ஜெரோம் புரூனர் 1960இல் வெளியான தம் நூலில் கோட்பாடாகவே வகுத்தார். இலக்கியம் பயின்றோர்க்கு இது புதிதன்று. ஐந்தாம் வகுப்பில் மனனம் செய்த குறளையே முதுகலையில் பரிமேலழகர் உரையோடு படிக்கிறோம். குறள் மாறவில்லை, நாம் மாறியிருக்கிறோம்.

ஆனால் இம்முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு. அதை எங்களுக்கு உணர்த்தியதும் ஒரு மெழுகுவர்த்தியே.

தட்டில் நீர் ஊற்றி, நடுவே எரியும் மெழுகுவர்த்தியை நிறுத்தி, மேலே ஒரு கண்ணாடித் தம்ளரைக் கவிழ்ப்பது பலரும் அறிந்த சோதனை. சுடர் அணையும், நீர் உள்ளே ஏறும். காற்றில் ஐந்தில் ஒரு பங்கான ஆக்சிஜன் எரிந்து தீர்ந்ததாகவும், அந்த இடத்தை நீர் நிரப்பியதாகவும் நாங்கள் விலைகொடுத்து வாங்கிய பாடநூல் விளக்கியது. அச்சில் வந்ததை நம்பும் தமிழாசிரியக் குடும்பம் எங்களுடையது. அப்படியே சொல்லிக்கொடுத்தோம்.

கடைக்குட்டி மூன்று மெழுகுவர்த்திகளை ஏற்றி அதே தம்ளரைக் கவிழ்த்தான். நீர் முன்னைவிட உயர்ந்தது. தம்ளருக்குள் ஆக்சிஜன் அதே அளவுதானே? சுடர் எரிகையில் நீர் அவ்வளவாக ஏறவில்லை, அணைந்த பின்னரே விரைந்து ஏறிற்று என்று நடுவன் கவனித்துச் சொன்னான். எரிந்த ஆக்சிஜன் கரியமிலவாயுவாகவும் நீராவியாகவும்தானே மாறியிருக்கும், இடம் எப்படிக் காலியாகும் என்று மூத்தவள் கேட்டாள். எங்களிடம் விடையில்லை.

தேடிப் படித்தோம். சுடரின் வெம்மையில் விரிந்த காற்றின் ஒரு பகுதி தம்ளரின் விளிம்பு வழியே வெளியேறிவிடுகிறது. சுடர் அணைந்ததும் எஞ்சிய காற்று குளிர்ந்து சுருங்குகிறது. நீராவியும் நீராகப் படிகிறது. உள்ளே அழுத்தம் குறைய, வெளிக்காற்று நீரை உள்ளே தள்ளுகிறது. ஆக்சிஜன் முற்றும் தீருமுன்பே சுடர் அணைந்துவிடும். சுடர்கள் கூடினால் வெப்பம் கூடும். நீரும் கூடுதலாக ஏறும். பாடநூல் சொன்னது எளிமையான விளக்கமன்று, தவறான விளக்கம்.

சிறுவர்க்கு எளிமைப்படுத்தித்தானே ஆகவேண்டும் எனச் சிலர் கேட்கக்கூடும். ஆம், ஆனால் சொல்லாமல் விடுவது வேறு, பிறழச் சொல்வது வேறு. 'காற்று சூடானால் விரியும், குளிர்ந்தால் சுருங்கும்' என்பது ஏழு வயதுக்குப் போதும். பதினான்கிலும் அது பொய்க்காது. இளையவனுக்குச் சொன்னது மூத்தவளின் கேள்விக்கு முன் நிற்கவேண்டும். இதுவே அந்த நிபந்தனை. பாடத்திட்டம் தெரிவோர், வண்ணப்படங்களையும் உடன்வரும் பெட்டியையும் பார்க்குமுன் இந்தச் சோதனை அதில் இருக்கிறதா, எவ்வாறு விளக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். விடையை முன்கூட்டியே கூறிவிட்டுச் சோதனையைச் சடங்காக்கும் நூலை மூடிவிடலாம்.

பெட்டியும் இன்றியமையாததன்று. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல் 16 பள்ளிகளில் தொடங்கி, மாநில அரசு 2002இல் நிறுத்தும் வரை நடந்த அறிவியல் கல்வித் திட்டம், எளிய பொருள்களைக் கொண்டு கிராமத்துப் பிள்ளைகளைத் தாமே செய்து காணவைத்தது. பள்ளிகளுக்காக எழுந்த அத்திட்டத்திலிருந்து வீடுகள் கற்கவேண்டியவை ஏராளம்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். எல்லாம் பொது மேசையில் நடந்துவிடாது. சமன்பாடும் கணக்கும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுபவை. மூத்தவள் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதவிருக்கிறாள். அவளுக்குத் தினமும் ஒரு மணிநேரம் தனியே ஒதுக்கியுள்ளோம். தம்பிகளுக்குக் கற்பிப்பதே அவளுக்குப் படிப்பு என்று அவளை உதவி ஆசிரியையாக்கிவிடுவது, குடும்பப் பாடத்திட்டங்களின் பெயரால் நடக்கும் அநீதி. சில மாதம் நாங்களும் அதைச் செய்தோம்.

வயது வேறுபாட்டைத் தீர்க்கவேண்டிய சிக்கலாகவே எண்ணிப் புறப்பட்டோம். அன்று அந்தத் தவற்றைப் பிடித்தது மூன்று வயதும் ஒரே தட்டைச் சுற்றி அமர்ந்திருந்ததுதான். ஒரே வயதினர் முப்பது பேர் அமர்ந்திருந்தால் அது தேர்வில் இரண்டு மதிப்பெண் விடையாக முடிந்திருக்கும்.