பேர் எங்களுக்கு, சம்பளம் யாருக்கு?

உயர்தரப் பெறுபேறு வந்ததிலிருந்து வெட்டுப்புள்ளி வரும் வரைக்கும் நமுனுகுல பக்கத்தில் ஒரே கேள்விதான். "கெம்பஸ் கிடைக்குமா?" கடையில் கேட்பார்கள், கோயிலில் கேட்பார்கள், பசறை பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருக்கிற பாட்டியும் கேட்பார். புள்ளி கொஞ்சம் குறைந்த பிள்ளைக்கு உடனே ஒரு ஆறுதலும் கிடைக்கும்: "நம்ம பதுளை மாவட்டந்தானே, வெட்டுப்புள்ளி இறங்கும், கோட்டாவுல கிடைச்சிரும்."

இந்தக் 'கோட்டாவுல கிடைச்சிரும்' என்கிற நம்பிக்கையைப் பற்றித்தான் நாங்கள் பேச நினைக்கிறோம். கோட்டா வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பதுளை மாவட்டத்தின் கோட்டா எங்கள் தலைகளையும் எண்ணித்தான் இடம் வாங்குகிறது, ஆனால் வாங்கிய இடத்தில் எங்கள் பங்கு லயத்துப் பக்கம் வந்து சேர்வதில்லை என்கிறோம். தோட்டத்தில் ஒரு நாள் வேலை செய்தால் ஒரு பேர் போடுவார்கள். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். பேர் ஒருவருக்கும் சம்பளம் இன்னொருவருக்கும் போனால் அந்தத் தோட்டத்தில் அன்றைக்கே வேலை நின்றுவிடும். பல்கலைக்கழக அனுமதியில் பல வருஷமாக அப்படித்தான் நடக்கிறது. யாரும் வேலையை நிறுத்தவில்லை.

கணக்கு எப்படிப் போடப்படுகிறது?

இந்த நாட்டில் அரச பல்கலைக்கழகத்துக்குக் கட்டணம் இல்லை. ஆனால் இடம் கொஞ்சம். உயர்தரத்தில் தகுதி பெறுகிறவர்களில் சுமார் நான்கில் ஒருவருக்குத்தான் உள்ளே போக முடிகிறது. யாரை எடுப்பது என்பதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு இசட் புள்ளியை வைத்து முடிவு செய்கிறது. ஒவ்வொரு பாடத்திலும் நாம் எடுத்த புள்ளி, அந்தப் பாடத்தை எழுதிய எல்லாருடைய சராசரியிலிருந்து எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்று பார்த்து, மூன்று பாடத்துக்கும் சராசரி எடுப்பதுதான் இசட் புள்ளி. 2001இலிருந்து இந்த முறைதான்.

மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகும். 55 வீதம் 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகைக்கு ஏற்பப் பிரிக்கப்படும். மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகக் கிடைக்கும். பதுளையும் மொனராகலையும் அந்தப் பதினாறில் உண்டு. அதாவது ஊவா மாகாணம் முழுவதும் பின்தங்கியது என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டிருக்கிறது.

இதில் 'சனத்தொகைக்கு ஏற்ப' என்ற இடத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். 2012 கணக்கெடுப்பின்படி பதுளை மாவட்டத்தில் 8 இலட்சத்து 15 ஆயிரம் பேர். ஐந்தில் ஒருவர் தமிழர், அவர்களில் மிகப் பெரும்பாலானோர் தோட்டத்து மக்கள். எனவே பதுளைக்குச் சனத்தொகைப்படி ஐந்து இடம் கிடைத்தால், அதில் ஒன்று எங்கள் ஆட்களை எண்ணியதால் கிடைத்த இடம்.

அந்த ஐந்தாவது இடத்துக்குப் போட்டி போடுகிறவர்கள் யார்? பதுளை நகரத்தில் ஆய்வுகூடம், மூன்று பாடத்துக்கும் ஆசிரியர், பின்னேரம் டியூஷன் எல்லாம் உள்ள பிள்ளையும் அதே வரிசையில். பதினோராம் ஆண்டோடு முடிகிற தோட்டப் பாடசாலையில் படித்துவிட்டு, விஞ்ஞானம் படிக்க எங்கே போவது என்று தெரியாமல் நிற்கிற பிள்ளையும் அதே வரிசையில். மாவட்டத்துக்கு வெளியே உள்ள ஏற்றத்தாழ்வைக் கோட்டா பார்க்கிறது. உள்ளே உள்ளதை அது பார்ப்பதே இல்லை.

இது புதுக் கதை அல்ல

1948இல் எங்கள் முன்னோரின் குடியுரிமையைப் பறித்தார்கள். பிறகு வாக்குரிமையும் போனது. 1952 தேர்தலில் மலையகத்திலிருந்து ஒரு தமிழர்கூடத் தெரிவாகவில்லை. ஆனால் தொகுதி பிரிக்கும்போது மட்டும் எங்கள் தலைகளையும் எண்ணினார்கள். எண்ணிக்கை கூடியதால் மலைநாட்டுக்குக் கிடைத்த ஆசனங்களும் கூடின. அந்த ஆசனங்களுக்கு வாக்குப் போடும் உரிமை மட்டும் எங்களிடம் இல்லை.

1970களில் பல்கலைக்கழக அனுமதியில் மாவட்ட ஒதுக்கீடு வந்தபோதும் இதேதான் நடந்தது. நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் பங்கு, தோட்டத்துச் சனத்தையும் சேர்த்துக் கணக்கிடப்பட்டது. அந்த நேரத்தில் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியே இருந்தது. பல தோட்டங்களில் ஒரே அறை, ஒரே வாத்தியார், ஐந்தாம் வகுப்பு. 1945இல் வந்த இலவசக் கல்வி மலை ஏறி எங்களிடம் வர முப்பது வருஷம் எடுத்தது. அந்த நிலையில் கோட்டா இடத்தை எங்களில் யார் போய் வாங்கியிருக்க முடியும்?

இங்கே வடக்கு கிழக்கில் இருக்கிற வாசக நண்பர்களிடம் ஒரு வார்த்தை. 'தரப்படுத்தல்' என்ற சொல் உங்கள் வீடுகளில் என்ன காயத்தை நினைவுபடுத்தும் என்று தெரியும். 1971இல் மருத்துவத்துக்குப் போகச் சிங்கள மொழி மாணவருக்கு 229 புள்ளியும் தமிழ் மொழி மாணவருக்கு 250 புள்ளியும் வேண்டியிருந்தது. அது மொழியைப் பார்த்துச் செய்த அநியாயம். அதை யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் அந்தக் காயத்தை மட்டும் வைத்து 'கோட்டா என்றாலே தமிழருக்கு எதிரி, திறமை மட்டும் போதும்' என்று சொன்னால், அது எங்கள் கதைக்குப் பொருந்தாது. திறமை அடிப்படை மட்டும் என்றால் நமுனுகுலயிலிருந்து மருத்துவ பீடத்துக்கு இப்போது இருக்கிற ஒற்றையடிப் பாதையும் மூடிவிடும். எங்களுக்கு வேண்டியது சரியான அலகில் பிரித்த கோட்டா.

திறமைக்கு முன்னால் என்ன இருக்கிறது?

ஒரு பிள்ளை உயர்தரத்தில் கணிதமோ உயிரியலோ எடுக்க வேண்டும் என்றால் அதைத் தமிழில் கற்பிக்கிற 1ஏபி வகைப் பாடசாலை வேண்டும். பெரும்பாலான தோட்டப் பாடசாலைகள் அந்த வகை அல்ல. ஒன்று பதினோராம் ஆண்டோடு நிற்கும், இல்லாவிட்டால் கலை, வர்த்தகம் மட்டும் இருக்கும். பதினாறு வயதில் மருத்துவரா பொறியியலாளரா என்று பிள்ளை தீர்மானிப்பதற்கு முன்பே, பாடசாலையின் வகை தீர்மானித்துவிடுகிறது. "எங்க புள்ளைக்கு ஆர்ட்ஸ்தான் புடிக்கும்" என்று பெற்றோர் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். புடிச்சுத்தான் எடுத்ததா, வேற ஒண்ணும் இல்லாததால எடுத்ததா என்று பிள்ளையிடம் தனியாகக் கேட்டுப் பாருங்கள்.

சரி, பதுளைக்கோ பண்டாரவளைக்கோ போய்ப் படிக்கட்டும் என்பீர்கள். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபா ஆனது, 2024இல் 1,350. அந்த 1,350ஐ வைத்தே கணக்குப் போடுங்கள். மாதம் 25 நாள் முழுப்பேர் கிடைத்தால் 33,750. அதில் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், 2,700 ரூபா, போனால் 31,050. இருபத்தைந்து நாளும் முழுப்பேர் கிடைக்கிற மாதம் எத்தனை என்று அம்மாவிடம் கேளுங்கள். இந்தப் பணத்தில் வீட்டுச் சாமான், கடன், தம்பி தங்கச்சி எல்லாம் போக, போர்டிங்குக்கும் மூன்று பாட டியூஷனுக்கும் இரண்டரை வருஷம் கட்ட வேண்டும்.

அரசாங்க உதவி இல்லையா? இருக்கிறது. 1981இல் தொடங்கிய மகாபொல புலமைப்பரிசில் இருக்கிறது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அதை மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆக உயர்த்தினார்கள். நல்ல விஷயம். ஆனால் அது கெம்பஸ் வாசலைத் தாண்டியவர்களுக்கு. எங்கள் பிள்ளைகள் விழுவது வாசலுக்கு வருகிற வழியில். அந்த வழியில் உதவி மிகக் குறைவு.

ஆசிரியர் விஷயமும் அப்படியே. 2014, 15 காலத்தில் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு என்று சுமார் 3,000 ஆசிரியர் உதவியாளர்களை எடுத்தார்கள். மாதக் கொடுப்பனவு 6,000 ரூபா. உயர்தரம் முடித்த எங்கள் அக்காமாரும் அண்ணன்மாரும் அந்தக் காசுக்கு மலை ஏறி வந்து படிப்பித்தார்கள். அவர்களுக்கு நன்றி சொல்லாமல் இருக்க முடியாது. ஆனால் பௌதிகவியல் பட்டதாரி வர வேண்டிய இடத்தை அப்படி நிரப்ப முடியாது.

பக்கத்திலேயே பல்கலைக்கழகம் இருக்கிறதே?

இருக்கிறது. 2005இல் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம், பதுளையில் பசறை வீதியிலேயே. தேயிலைத் தொழில்நுட்பத்திலும் அங்கே பட்டப்படிப்பு உண்டு. கொழுந்து பறிக்கிற அம்மாவின் பிள்ளை படிக்க இதைவிடப் பொருத்தமான படிப்பு ஏது? ஆனால் அங்கேயும் அனுமதி கொழும்பிலிருந்துதான். அதே இசட் புள்ளி, அதே மாவட்டக் கணக்கு, அதற்கும் மேல் ஆங்கில மொழிமூலம். பல்கலைக்கழகம் எந்த வீதியில் இருக்கிறது என்பது அனுமதிப் பட்டியலில் ஒரு பெயரைக்கூட மாற்றாது.

அதனால்தான் ஒவ்வொரு தேர்தலுக்கும் வருகிற 'மலையகப் பல்கலைக்கழகம்' வாக்குறுதியை நாங்கள் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கிறோம். வந்தால் சந்தோஷம். ஆனால் அனுமதி முறை இப்படியே இருந்தால், கட்டடம் எங்கள் மலையில் இருக்கும், பிள்ளைகள் வேறு ஊரிலிருந்து வருவார்கள். எங்கள் ஆட்களுக்குக் கண்டீன் வேலை கிடைக்கும்.

அப்படியானால் என்ன செய்யலாம்?

தமிழ்நாட்டில் 2020இல் ஒரு வேலை செய்தார்கள். நீட் தேர்வு வந்த பிறகு அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மருத்துவக் கல்லூரிக்குப் போவது விரல் விட்டு எண்ணுகிற அளவுக்குச் சுருங்கியது. ஓய்வுபெற்ற நீதிபதி பி. கலையரசன் தலைமையில் குழு போட்டு, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்து நீட்டில் தகுதி பெற்றவர்களுக்கு 7.5 வீத இடத்தைச் சட்டம் போட்டு ஒதுக்கினார்கள். முதல் வருஷமே சுமார் 400 பேர் உள்ளே போனார்கள். 2022இல் சென்னை உயர் நீதிமன்றமும் அந்தச் சட்டம் செல்லும் என்றது. அங்கே ஏற்கெனவே சாதி அடிப்படையில் இட ஒதுக்கீடு இருக்கிறது. அதற்குள்ளேயும் எந்தப் பள்ளியில் படித்தாய் என்று பார்க்க வேண்டியிருந்தது.

இலங்கையில் இதை இன்னும் சுலபமாகச் செய்யலாம். எந்தப் பாடசாலை கஷ்டப் பிரதேசம், எது அதி கஷ்டப் பிரதேசம் என்று கல்வித் திணைக்களம் ஏற்கெனவே வகுத்து வைத்திருக்கிறது. அங்கே படிப்பிக்கிற ஆசிரியருக்குக் கஷ்டப் பிரதேசக் கொடுப்பனவும் உண்டு. படிப்பிக்கிறவருக்கு அது கஷ்டமான இடம் என்றால், அங்கே படிக்கிற பிள்ளைக்கு மட்டும் எப்படிச் சாதாரண இடமாகிறது?

எங்கள் கோரிக்கை இதுதான். பின்தங்கிய மாவட்டங்களுக்கான அந்த 5 வீதத்தை, அதே மாவட்டங்களுக்குள், ஆறாம் ஆண்டிலிருந்து பதினோராம் ஆண்டு வரை கஷ்ட, அதி கஷ்டப் பாடசாலைகளில் படித்த பிள்ளைகளுக்கு என்று ஒதுக்குங்கள். இப்போது மாவட்டத்தைத் தீர்மானிப்பது உயர்தரத்துக்கு முந்திய மூன்று வருஷம். வெட்டுப்புள்ளி குறைவு என்று வெளிமாவட்டத்திலிருந்து வந்து எழுதுவது நுவரெலியாவிலும் பதுளையிலும் பழைய தலைவலி. ஆறு வருஷப் பதிவைக் கேட்டால் அதற்கும் ஒரு கடிவாளம் விழும்.

இது இனக் கோட்டா அல்ல. மொனராகலையில் யானை வேலிக்குப் பக்கத்தில் படிக்கிற சிங்களப் பிள்ளைக்கும் இதில் இடம் உண்டு. இருக்கத்தான் வேண்டும். தகுதியையும் குறைக்கச் சொல்லவில்லை. மூன்று பாடச் சித்தியும் பொதுச் சாதாரணப் பரீட்சையில் 30 புள்ளியும் எல்லாருக்கும் போல எங்களுக்கும் இருக்கட்டும். "இவங்க உள்ள போய்த் தாக்குப் பிடிப்பாங்களா?" என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: ஆய்வுகூடத்தைக் கண்ணால் பார்க்காமல் இரசாயனவியலில் சித்தி எடுத்த பிள்ளை, ஆய்வுகூடம் கிடைத்த பிறகா தோற்கப் போகிறது?

கோட்டா மட்டும் போதாது என்பதும் தெரியும். பசறை வலயத்தில் தமிழில் கணிதமும் விஞ்ஞானமும் உயர்தரம் வரை படிப்பிக்கிற ஆசிரியர் இல்லாவிட்டால், ஒதுக்கிய இடத்துக்கு விண்ணப்பிக்கவே ஆள் இருக்காது. இரண்டும் ஒன்றாக வர வேண்டும்.

இதை முகநூலில் போட்டு நான்கு பேர் விருப்பக்குறி போடுவதோடு விடப்போவதில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. மானியங்கள் ஆணைக்குழுவிடமும் ஊவா மாகாணக் கல்வித் திணைக்களத்திடமும் மூன்று கேள்வி கேட்கப் போகிறோம். கடந்த ஐந்து வருஷத்தில் பதுளை மாவட்டக் கோட்டாவில் போனவர்கள் எந்தெந்தப் பாடசாலை? அவர்களில் தமிழ் மொழிமூலம் எத்தனை பேர்? மாவட்டத்தில் தமிழில் உயர்தரப் பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியல், இணைந்த கணிதம் படிப்பிக்கிற ஆசிரியர் எங்கே எத்தனை பேர்? பதினான்கு வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும்.

நீங்கள் லுணுகலையிலோ ஹப்புத்தளையிலோ இருந்தால் அங்கிருந்தும் ஒரு விண்ணப்பம் அனுப்புங்கள். ஆர்டிஐ 01 படிவம், ஒரு பக்கந்தான். பதில் வந்ததும் எல்லாவற்றையும் இங்கேயே வெளியிடுவோம். யாருக்குப் பேர் போட்டு யாருக்குச் சம்பளம் போயிருக்கிறது என்று செக்ரோலைத் திறந்து பார்த்துவிட்டு மிச்சத்தைப் பேசலாம்.