"பல பேர்" என்றால் எத்தனை பேர்?

பள்ளிக்கூடத்தில் ஆங்கிலச் சொற்போர். தலைப்பு: "தொழிற்சாலையால் நன்மையா, தீமையா?"

திருவொற்றியூர்ப் பிள்ளைகள் எப்படிப் பேசுகிறார்கள்? "மெனி பீப்பிள் சபர்!" அதாவது, பல பேர் கஷ்டப்படுகிறார்களாம். யார்? எங்கே? என்ன கஷ்டம்? அதைச் சொல்வதில்லை. எதிர் அணிப் பையன், "மெனி பீப்பிள் ஆர் ஹாப்பி" என்பான். ஆட்டம் சமம்!

"ஆங்கிலம் போதவில்லை" என்பார்கள் பெரியவர்கள். நான் ஒப்ப மாட்டேன்.

2017-ம் ஆண்டு ஜனவரி 28-ந் தேதி எண்ணூர் துறைமுகம் அருகே 2 கப்பல்கள் மோதின. எண்ணெய் கரைக்கு வந்தது. அதை வாளியால் அள்ளினார்கள்! "டூ ஷிப்ஸ் ஹிட். ஆயில் கேம். பீப்பிள் யூஸ்ட் பக்கெட்ஸ்." இதில் கடினமான வார்த்தை எது? ஐந்தாம் வகுப்பு ஆங்கிலம்தானே!

நாளைக்கு இதே பிள்ளை மனுவோடு அதிகாரி முன் நிற்பான். அங்கேயும் "மெனி பிராப்ளம்ஸ்" என்றால், மனு மேஜையிலேயே கிடக்கும்.

நன்மை என்று பேசுகிறவனுக்கும் இதுதான். திருவொற்றியூர் என்பீல்டு ஆலையில் புல்லட் மோட்டார் சைக்கிள் செய்த தாத்தா இருந்தால், முதல் சம்பளம் எவ்வளவு என்று கேட்டு வரட்டும். மற்றவன், மீன் விற்கும் அம்மாவிடம் கேட்கட்டும்: எண்ணெய் வந்த அந்த வாரம், கூடையில் எத்தனை மீன் மிச்சம்?